வாசலில் நான் கொடுத்த வாக்கு: சென்சஸ் அட்டவணை போடப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை அதிகாரிகளுக்கும், அங்கே அட்டவணை தயாரிக்கும் புள்ளியியலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் கடலூரில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியை. 2001-லும் 2011-லும் சென்சஸ் டியூட்டி பார்த்தவள். வரப்போகும் கணக்கெடுப்பில் எல்லோரிடமும் சாதியும் கேட்கப்படும் என்று 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. அன்றிலிருந்து ஒரு விஷயம் மனதில் கிடந்து உறுத்துகிறது. அதை உங்களிடம் சொல்லிவிடத்தான் எழுதுகிறேன்.

2011 பிப்ரவரி. கடற்கரையை ஒட்டிய ஒரு குப்பம், பேர் வேண்டாம். கையில் அந்தப் பெரிய படிவம். மெஷின் படிக்கும் தாள் என்பதால் மடிக்கக் கூடாது, அடித்து எழுதக் கூடாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். ஒரு வீட்டில் மாமியார்தான் பதில் சொன்னார். மருமகள் திண்ணை ஓரம் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கல்யாணமான பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதுவரை பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பது எத்தனை? மாமியார், "ரெண்டு பொறந்துச்சு, ரெண்டும் இருக்கு" என்றார். அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. நான் எழுதப்போனவள் ஏனோ நிறுத்தி, அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

தெருமுனைக் குழாயடியில் குடத்தோடு பின்னாலேயே வந்துவிட்டாள். "டீச்சர், மூணுன்னு போட்டுக்குங்க. ஒண்ணு அலையில போயிடுச்சு. மொத கல்யாணம் நடந்தது இவங்களுக்குத் தெரியும், புள்ள இருந்தது தெரியாது." கொஞ்ச நேரம் நின்றாள். "இது வெளிய போகாதுல்ல?"

"போகாதும்மா. கோர்ட்டே கேட்டாலும் தரமாட்டாங்க" என்றேன்.

நான் சொன்னது பொய்யில்லை. 1948-ஆம் வருடச் சென்சஸ் சட்டம், 15-ஆம் பிரிவு: கணக்கெடுப்பில் எழுதிய படிவத்தைப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை. இந்தச் சட்டத்தின் கீழேயே தொடரும் வழக்கைத் தவிர வேறு எதிலும் அதைச் சாட்சியமாக வைக்க முடியாது. கேட்டுத் தெரிந்துகொண்டதைக் கணக்கெடுப்பாளரே வெளியே சொன்னால் அதுவும் தண்டனைக்குரிய குற்றம். அந்தத் தைரியத்தில்தான் நாங்கள் ஒவ்வொரு வாசலிலும் வாக்கு கொடுத்தோம். படிவம் பத்திரமாகவே இருந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கவலை படிவத்தைப் பற்றியது இல்லை. படிவத்திலிருந்து நீங்கள் தயாரித்து, ஊருக்கே வெளியிடும் அட்டவணையைப் பற்றியது.

இந்தக் கவலை எனக்குச் சும்மா வரவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு சுகாதார ஆய்வு நடந்தது. நடத்தியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் நடத்தினார்கள். முடிவை ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு பக்க அட்டவணையாக அச்சடித்து ஒட்டினார்கள். தெரு வாரியாக, ஆண் பெண், வயது, என்ன சிகிச்சை. பேர் ஒன்றும் இல்லை. ஒரு தெருவில், பெண், 20 முதல் 29 வயது, காசநோய் மாத்திரை என்ற கட்டத்தில் 1 என்று இருந்தது. அந்தத் தெருவில் அந்த வயதில் இருந்ததே நாலு பெண்கள். அதில் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறியவள் யார் என்று ஊருக்குத் தெரியாதா? அவள் என்னிடம் படித்தவள். குணமாகிற நோய், பாதிக்கு மேல் குணமும் ஆகியிருந்தாள். இருந்தாலும் புகுந்த வீட்டில் பேச்சு தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் என்னிடம் வந்து கேட்டாள்: "பேரே போடலையே டீச்சர், அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

கணக்கு டீச்சர் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி. அன்றைக்கு எனக்குச் சொல்ல வரவில்லை. அதற்கப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன். எண்களைத் துருவி ஆட்களைக் கண்டுபிடிப்பதும், அதைத் தடுப்பதும் ஐம்பது வருடமாக ஒரு தனிப் படிப்பாகவே வளர்ந்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வாசலில் நின்றவள் பார்வையில் அது எப்படித் தெரிகிறது என்று சொல்ல விரும்புகிறேன்.

கட்டத்தில் 1 இருந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் புரியும். 2 இருந்தாலும் ஆபத்துதான், அந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு மற்றவள் கதை தெரிந்துவிடும். எண் பெரிதாக இருந்தாலும் சில சமயம் தப்பிக்க முடியாது. ஒரு தெருவில் ஒரு சமூகத்துப் பெண்கள் ஒன்பது பேர், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஒன்பது பேர் என்று பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வந்தால், ஒன்பது பேரைப் பற்றியும் ஒரே நொடியில் சொல்லியாகிவிட்டது.

சரி, சின்ன எண்ணை மறைத்துவிட்டால்? அங்கேதான் கழித்தல் வருகிறது. புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்குப்படி யூனியன் பிரதேசத்தின் மொத்த மக்கள் 12,47,953. புதுச்சேரிப் பகுதி 9,50,289, காரைக்கால் 2,00,222, ஏனாம் 55,626. மாஹேயின் எண்ணிக்கையை மட்டும் மறைத்துக் கோடு போட்டு வெளியிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் மொத்தத்திலிருந்து கழித்தால் 41,816 தானாக வந்து நிற்கும். மொத்த மக்கள்தொகை ரகசியம் இல்லை, அதனால் இதில் யாருக்கும் கெடுதல் இல்லை. அதே இடத்தில் கணவனை இழந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஒரு குறிப்பிட்ட சாதி என்று இருந்தால்? ஒன்றை மறைத்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் இன்னொன்றையும் மறைக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு பத்தியிலும் அப்படிப் பார்த்துப் பார்த்து மறைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான அட்டவணைகள் வெளிவரும்போது, இதில் மறைத்தது அதில் தெரியாமல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து முடியாது.

வேண்டிய அட்டவணையை நாமே கம்ப்யூட்டரில் கேட்டு வாங்கும் வசதியை இன்று பல நாடுகளில் வைத்திருக்கிறார்கள். டிஜிட்டல் கணக்கெடுப்பு என்கிறீர்கள், இங்கேயும் அது வரலாம். அங்கே 'பத்துக்குக் குறைவான எண்ணிக்கையைக் காட்டாதே' என்று கட்டுப்பாடு வைத்தால் போதுமா? போதாது என்று 1979-லேயே டோரதி டென்னிங், பீட்டர் டென்னிங், மேயர் ஷ்வார்ட்ஸ் மூவரும் காட்டிவிட்டார்கள். ஊரில் பெண்கள் எத்தனை என்று கேட்கிறேன், 104 என்று வருகிறது. தையல் வேலை செய்யாத பெண்கள் எத்தனை, 103. இரண்டும் பெரிய எண்கள்தான், இரண்டுக்கும் மெஷின் பதில் சொல்லிவிடும். எங்கள் ஊர்த் தையல்காரி சிக்கிவிட்டாள். இனி அவளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் இதே மாதிரி இரண்டிரண்டு கேள்வியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

2003-ல் இரித் தினூர், கோபி நிஸ்ஸிம் என்ற இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நிறையக் கேள்விக்கு மிகத் துல்லியமாகப் பதில் சொல்லிக்கொண்டே போனால், கடைசியில் உள்ளே இருக்கும் பதிவேட்டையே கிட்டத்தட்ட முழுசாகத் திரும்ப எழுதிவிடலாம் என்று நிறுவினார்கள். அமெரிக்கச் சென்சஸ் துறை அதைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்தது. 2010-ல் தான் வெளியிட்ட அட்டவணைகளை வைத்துத் தனித்தனி ஆட்களின் பதிவுகளைத் திரும்பக் கட்டி, வணிக நிறுவனங்களிடம் இருக்கும் பேர், முகவரிப் பட்டியலோடு ஒப்பிட்டது. மக்கள்தொகையில் 17 விழுக்காட்டினரை, அதாவது சுமார் 5 கோடியே 20 லட்சம் பேரைச் சரியாக அடையாளம் காண முடிந்தது என்று அந்தத் துறையே சொன்னது. இந்தக் கணக்கின் மேல் அங்கே ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டையும் நடந்தது. எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு: ஒரு அரசுத் துறை தன் பூட்டைத் தானே உடைத்துப் பார்த்து, உடைகிறது என்று ஊருக்குச் சொன்னது. நீங்களும் அப்படி ஒரு முறை பார்க்க வேண்டும்.

வணிகப் பட்டியல் கூட இங்கே தேவையில்லை. நம் வாக்காளர் பட்டியல் போதும். பாகம் வாரியாக, வீட்டு எண், பேர், அப்பா பேர் அல்லது கணவர் பேர், வயது, ஆணா பெண்ணா, எல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கிறது. 1997 வாக்கில் அமெரிக்காவில் லதான்யா ஸ்வீனி என்ற மாணவி செய்தது இதைத்தான். மாசசூசெட்ஸ் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளில் பேரை மட்டும் எடுத்துவிட்டு ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் இருபது டாலர் கொடுத்துக் கேம்பிரிட்ஜ் நகரத்தின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். ஆளுநர் வில்லியம் வெல்ட் பிறந்த தேதியில் அங்கே ஆறு பேர், அதில் ஆண்கள் மூன்று பேர், அவருடைய அஞ்சல் குறியீட்டில் ஒரே ஒருவர். ஆளுநரின் மருத்துவப் பதிவு கைக்கு வந்துவிட்டது. என் பழைய மாணவிக்கு நடந்ததும் இதே கதைதான், ஊர்க்காரர்களுக்குப் பட்டியல் கூடத் தேவைப்படவில்லை.

இனி சாதிக்கு வருகிறேன். 1931-க்கு அப்புறம் எல்லாச் சாதிகளையும் எண்ணி அட்டவணை போடப்போவது இப்போதுதான். எண்ணுங்கள், எண்ணத்தான் வேண்டும். யாருக்கு என்ன கிடைத்திருக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது எண்ணாமல் தெரியாது. பேரே இல்லாத எண்ணிக்கைக்கும் பல் உண்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள். 1942-ல் அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்து முகாமில் அடைத்தபோது, எந்தத் தெருக்கட்டில் அவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை சென்சஸிலிருந்துதான் போனது. அடுத்த வருடம், வாஷிங்டன் வட்டாரத்தில் இருந்தவர்களின் பேரும் முகவரியுமே கொடுக்கப்பட்டதாக மார்கோ ஆண்டர்சன், வில்லியம் செல்ட்சர் இருவரும் 2007-ல் ஆவணத்தோடு வெளியிட்டார்கள். நம் ஊர்களில் ஒரு காதல் கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாத் தகராறுக்கோ தெருவே எரிந்த கதைகள் உங்களுக்கும் தெரியும். அந்த ராத்திரியில் எந்தக் குக்கிராமத்தில் எந்தச் சாதி நாலே வீடு என்று ஒருவன் கைபேசியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

அப்படியானால் சின்னச் சமூகங்களை அட்டவணையிலிருந்தே எடுத்துவிடலாமே என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். அது இன்னும் மோசம். எங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கடலூர் மாவட்டமும் புதுச்சேரியும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் ஊர்கள், பாகூர்ப் பக்கம் நடந்தால் எது தமிழ்நாடு எது புதுச்சேரி என்று தெரியாது. இருளர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அவர்கள் பழங்குடி. அந்தப் பக்கம் அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்ததே 2016 டிசம்பரில்தான். அதனால் 2011 சென்சஸில் புதுச்சேரியின் பழங்குடி மக்கள்தொகை 0. ஒரே சனம், அண்ணன் இங்கே, தம்பி அங்கே. அண்ணன் அட்டவணையில் இருக்கிறான், தம்பி இல்லை. சாதிச் சான்றிதழுக்காக வருடக்கணக்கில் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்காரும் சனத்துக்கு அந்தப் பூஜ்யம் என்ன செய்யும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரகசியம் காக்கிறோம் என்ற பேரில் இன்னொரு பூஜ்யத்தை நீங்கள் உண்டாக்கிவிடாதீர்கள்.

காட்டினால் ஒருத்தி மாட்டிக்கொள்கிறாள், மறைத்தால் ஒரு சமூகமே காணாமல் போகிறது. இதற்கு நடுவே வழி இருக்கிறது. இந்த இடத்தில் என் வகுப்பறையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பேர். அரையாண்டுப் பரீட்சையில் எத்தனை பேர் பிட் அடித்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும், யார் என்று தெரிய வேண்டாம். ஆளுக்கு ஒரு ரூபாய் நாணயம் எடுக்கச் சொன்னேன். மேசைக்குக் கீழே சுண்டிப் பார்த்து, தலை விழுந்தால் பேசாமல் கையைத் தூக்கு, பூ விழுந்தால் உண்மையைச் சொல், பிட் அடித்திருந்தால் மட்டும் தூக்கு என்றேன். இருபத்தாறு கைகள் எழுந்தன. தலை விழுந்து தூக்கியவர்கள் சுமார் இருபது பேர் இருப்பார்கள். மிச்சம் ஆறு. பூ விழுந்த இருபது பேரில் ஆறு பேர் என்றால், வகுப்பில் பத்துக்கு மூன்று பேர். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கை தூக்கிய எந்தப் பையனையும் 'நீ பிட் அடித்தவன்' என்று நான் சொல்ல முடியாது, 'எனக்குத் தலை விழுந்தது டீச்சர்' என்பான். அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் முகத்தில் இருந்த நிம்மதி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இது 1965-ல் ஸ்டான்லி வார்னர் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த யோசனையின் ஒரு வடிவம்.

இதே எண்ணம்தான் 2006-ல் சிந்தியா டுவோர்க்கும் உடன் இருந்தவர்களும் எழுதிய கட்டுரையில் முழுக் கணிதமாக வளர்ந்தது. வெளியிடும் எண்ணில் அளந்து கொஞ்சம் கலப்படம் செய்வது. ஒருவர் பதிவேட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே தெரியும் விடை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வது. அமெரிக்காவின் 2020 சென்சஸ் அந்த வழியில்தான் வெளிவந்தது. அதிலும் குறை உண்டு, சின்ன ஊர்களின் எண்கள் ஆடிப்போகும் என்று அங்கேயே எதிர்ப்பு வந்தது. அதைவிட எளிமையாகவும் வழி இருக்கிறது. கனடாவில் எண்ணை மேலேயோ கீழேயோ 5-இன் மடங்குக்குத் தள்ளி வெளியிடுகிறார்கள், நியூசிலாந்தில் 3-இன் மடங்குக்கு. 1 என்று போட வேண்டிய இடத்தில் 0 வரும் அல்லது 3 வரும், எது என்று யாருக்கும் தெரியாது. கூட்டினால் மொத்தம் ஒன்றிரண்டு இடிக்கும். இடித்தால் இடிக்கட்டும். கணக்கு டீச்சராக இருந்தும் சொல்கிறேன், இந்த இடத்தில் கூட்டல் தப்பாக வருவதுதான் சரி. ஏன் தப்பாக வருகிறது என்று அட்டவணையின் அடியில் தமிழில் நாலு வரி எழுதிவிடுங்கள், எங்கள் சனம் புரிந்துகொள்ளும்.

என் யோசனை இதுதான். ஓர் ஊரில் மொத்தம் எத்தனை பேர் என்பதில் கை வைக்க வேண்டாம். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், புயல் பாதுகாப்பு மையம் எல்லாம் அதை நம்பித்தான் வரும். தானே புயல் கரையேறிய கடலூருக்கு அது நன்றாகத் தெரியும். சாதியையும் வயதையும் திருமண நிலையையும் ஊனத்தையும் குறுக்கே குறுக்கே வெட்டிப் போடும் அட்டவணைகள் கிராம அளவில் வேண்டாம், தாலுகாவோடு நிற்கட்டும். சின்னச் சமூகங்களை மாவட்ட அளவில் பேர் சொல்லி, மறைக்காமல் காட்டுங்கள். தனிப்பதிவுகள் தேவைப்படும் ஆராய்ச்சியாளர்களை உங்கள் அலுவலகத்துக்கே வரவழைத்து, உங்கள் கம்ப்யூட்டரில் வேலை செய்ய விடுங்கள், எடுத்துப்போகும் முடிவை ஒருவர் சரிபார்க்கட்டும்.

எந்த முறையைக் கையாளப்போகிறீர்கள் என்பதைக் கணக்கெடுப்பு தொடங்குவதற்கு முன்பே வெளியிடுங்கள். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று சொல்வதால் சாவி யாருக்கும் போய்விடாது. நாலு புள்ளியியல் பேராசிரியர்களும் பத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் அதை உடைத்துப் பார்க்கட்டும்.

2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று நினைக்கலாம். புள்ளிவிவரத்துக்காகச் செய்யும் வேலைக்கு அதில் விலக்கு இருக்கிறது, தனி ஆளைக் குறிவைத்து முடிவெடுக்கக் கூடாது, வகுத்த தரங்களைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. விலக்கு கொடுத்த இடத்தில் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழுகிறது.

2027 மார்ச் 1-ஐ வைத்து எண்ணப்போகிறீர்கள். அதற்கு முந்தைய பிப்ரவரியில், அந்தக் குப்பத்துக்கு என்னைப் போல இன்னொருத்தி போவாள். படிவத்துக்குப் பதிலாக அவள் கையில் கைபேசி இருக்கும். மாமியார் பதில் சொல்லும் வீட்டில் மருமகள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். குழாயடியில் யாராவது அவளைத் தனியாகப் பிடித்து, "இது வெளிய போகாதுல்ல?" என்று கேட்பார்கள். நான் சட்டத்தை நம்பிப் பதில் சொன்னேன், அட்டவணையைப் பற்றி எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, பயிற்சி நாளன்றே அவள் கையில் கொடுங்கள். எழுதுவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், கூப்பிட்டால் வருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் கணக்கெடுப்பாளர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை
மஞ்சக்குப்பம், கடலூர்